சுகர் கூடினால் மறதி ஏன் வருகிறது?

பெரியம்மா வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். காலையில் எழுந்ததும் விரலில் குத்தி, மீட்டரில் வரும் எண்ணை அன்றைய தாளின் ஓரத்தில் எழுதி வைப்பார். கிழித்த தாள்களை எறிய மாட்டார். ஒரு கிளிப்பில் கோத்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போகும்போது பையில் போட்டு எடுத்துப் போவார். அவருக்குச் சுகர் வந்து பத்தொன்பது வருடம். அந்தப் பழக்கத்துக்கும் ஏறக்குறைய அதே வயது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பொள்ளாச்சி போயிருந்தபோது அந்தக் கட்டைச் சும்மா புரட்டினேன். ஒரு தாளில் நீல மையில் 212, அதற்குக் கீழே கறுப்பு மையில் 236. இரண்டுக்கும் பக்கத்தில் ‘வெறும் வயிறு’ என்று அவர் கையெழுத்து. அடுத்த நான்கு தாள்களில் ஒன்றுமே இல்லை. “என்னங்க பெரியம்மா இது?” என்று கேட்டேன். “வயசாச்சில்ல கண்ணு, மறந்து போகுது” என்றார். வீட்டில் எல்லோரும் சரி என்று விட்டுவிட்டோம்.

அப்படி விட்டிருக்கக் கூடாது. சர்க்கரை நோய் கண்ணைப் பாதிக்கும், கிட்னியைப் பாதிக்கும், காலில் புண் வந்தால் ஆறாது என்பதெல்லாம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூளையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நான் மருத்துவர் இல்லை. பெரியம்மாவோடு மருத்துவமனைகளுக்கு அலைந்த இரண்டு வருடத்தில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

ஒரு தேக்கரண்டி

நம் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் சுகர் 100 என்றால், 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருப்பதாகப் பொருள். ஐந்து லிட்டருக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், வெறும் 5 கிராம்தான் வரும். மொத்த ரத்தத்துக்கும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை! சுகர் 200 என்றால் இரண்டு தேக்கரண்டி. கூடுதலாக இருக்கிற அந்த ஒரே தேக்கரண்டிதான் வருடக்கணக்கில் நின்று உறுப்புகளைக் கெடுக்கிறது. உடம்பு எவ்வளவு கறாராக இந்த அளவைக் காக்கிறது என்பது எனக்குப் புரிந்ததே இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.

மூளை நம் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். ஒரு நாளைக்கு 100 கிராமுக்கும் மேல் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். பெரிதாகச் சேமித்து வைக்கவும் அதனால் முடியாது, ரத்தம் நிமிடத்துக்கு நிமிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

உடனே ஒரு சந்தேகம் வரும். மூளை குளுக்கோஸில்தானே ஓடுகிறது, அது நிறைய இருந்தால் நல்லதுதானே? விஷயம் கதவில் இருக்கிறது. தசைக்குள் குளுக்கோஸ் போக வேண்டுமானால் பெரும்பாலும் இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். மூளைக்குப் போகும் குளுக்கோஸ் அப்படி இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு நிமிடம்கூடப் பட்டினி கிடக்கக் கூடாத உறுப்பு அது, அதனால் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மூளைக்குள்ளும் ஏறும். முக்கியமாக, மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு ‘போதும்’ என்று சொல்லி உள்ளே வருவதைக் குறைத்துக்கொள்ளத் தெரியாது. வந்ததை எல்லாம் வாங்கிக்கொள்கின்றன. சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

திரட்டுப்பால் ஏன் பழுப்பாகிறது?

பாலில் சர்க்கரை போட்டு அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தால், வெள்ளையாக இருந்தது மெதுவாகப் பழுப்பாகும், வாசனை மாறும். பாலில் இருக்கிற புரதத்தோடு சர்க்கரை ஒட்டிக்கொள்வதுதான் அதில் பெரும்பகுதி. 1912ல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இந்த வினையை விளக்கினார். அடுப்பில் அரை மணி நேரத்தில் நடப்பது, நம் உடம்புச் சூட்டில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மிக மெதுவாக நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஒட்டல்.

‘மூன்று மாத சராசரி’ என்று லேபில் எடுக்கச் சொல்கிறார்களே, ஹெச்பிஏ1சி, அது அளப்பதும் இந்த ஒட்டலைத்தான். சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அதற்குள் மூன்று மாதக் கதையும் பதிந்திருக்கும். 6.5ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 7 வந்தால் உங்கள் சராசரி சுகர் சுமார் 154 என்று பொருள், 9 வந்தால் 212. பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து இந்த எண்ணை ஏமாற்ற முடியாது.

சிவப்பணு 120 நாளில் போய்விடும், புதிது வரும். ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் புரதங்கள் அப்படி இல்லை. பல வருடம் இருப்பவை. அவற்றில் ஒட்டிய சர்க்கரை பிணைந்து இறுகி, ரப்பர் குழாய் வெயிலில் கிடந்து விறைத்துப்போவது போலக் குழாயை விறைக்க வைக்கிறது. மூளைக்குள் இருக்கும் நுண்குழாய்களை எல்லாம் நீட்டி வைத்தால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள், சென்னையிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம். அத்தனையும் தலைமுடியைவிட மெல்லியவை.

இப்போது ஒரு பெயரை நினைவுபடுத்திப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூளையில் அந்த வேலையைச் செய்யும் இடத்துக்குச் சில நொடிகளில் கூடுதல் ரத்தம் பாய வேண்டும், குழாய் விரிந்து கொடுக்க வேண்டும். விறைத்த குழாய் அவ்வளவு வேகமாக விரியாது. ரத்தத்தில் இருக்கும் வேண்டாத பொருள்களை மூளைக்குள் விடாமல் தடுக்கும் ஒரு தடுப்புச் சுவரும் இந்தக் குழாய்களில் இருக்கிறது, அதிலும் கசிவு ஏற்படுகிறது. சில நுண்குழாய்கள் அடைத்தே போகும். கை கால் இழுக்காது, வாய் கோணாது, யாருக்கும் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் சின்னச் சின்ன வெள்ளைத் திட்டுகளாக இருக்கும்.

இதன் முதல் அடையாளம் பல பேருக்கு மறதிகூட இல்லை, நிதானம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் எடுக்கும். ஒரே நேரத்தில் குழம்பையும் பார்த்து, போனிலும் பேசி, பால்காரருக்குக் கணக்கும் சொன்னவர் இப்போது ஒன்று செய்தால் ஒன்றை விட்டுவிடுவார். நாம் அதை ‘அவங்களுக்கு முன்ன மாதிரி முடியல’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

பழைய கதை நினைவிருக்கிறது, இன்றைய மாத்திரை நினைவில்லை

பெரியம்மாவுக்கு 1974ல் நடந்த கல்யாணத்தில் யார் என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தார்கள் என்று சொல்லத் தெரியும். அதனால்தான் நாங்களும் ஏமாந்தோம். ‘ஞாபக சக்திக்கு என்ன குறை?’

காதுக்கு உட்புறமாக, மூளையின் இரண்டு பக்கமும் கடல்குதிரை வடிவில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்று பெயர். 1953ல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோயைக் குணப்படுத்த, இரண்டு பக்கமும் இந்தப் பகுதியின் பெரும்பங்கை அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவரால் புதிதாக ஒன்றை மனதில் நிறுத்த முடியவில்லை. சந்தித்த ஆளைச் சில நிமிடத்தில் மறந்தார், சின்ன வயது நினைவுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. 2008ல் இறக்கும்வரை அப்படித்தான் இருந்தார். புது நினைவைப் பதிவு செய்யும் இடம் வேறு, பழையது தங்கியிருக்கும் இடம் வேறு என்று உலகத்துக்குத் தெரிந்தது அவரால்தான்.

அந்தப் பதிவு செய்யும் இடம் ரத்த ஓட்டக் குறையையும் சர்க்கரையையும் தாங்காத இடம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சராசரியாக இந்தப் பகுதி மற்றவர்களுக்கு இருப்பதைவிடச் சற்றுச் சிறுத்தே காணப்படுகிறது. ஆகவே பழைய கதையைப் பிசகாமல் சொல்வதை வைத்து நினைவாற்றல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். காலையில் யார் போன் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்சுலினுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. குளுக்கோஸுக்குக் கதவு திறக்க அது தேவைப்படாவிட்டாலும், நரம்பு செல்கள் தங்களுக்குள் இணைப்பைப் பலப்படுத்திக்கொள்ள இன்சுலின் உதவுகிறது. அந்த இணைப்புதான் நினைவு. உடம்பு இன்சுலினுக்குச் செவி சாய்க்காமல் போகும்போது மூளையும் அப்படி ஆகக்கூடும். தவிர, இன்சுலினைச் சிதைத்து அகற்றும் அதே நொதிதான், நினைவைப் படிப்படியாக அழிக்கும் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமைலாய்டு புரதத்தையும் அகற்றுகிறது. ஒரே ஆள் இரண்டு வேலை. ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் அதிகமாக இருந்தால் அந்த நொதிக்கு மற்ற வேலையைப் பார்க்க நேரம் இருக்காது என்பது ஒரு கருத்து. 2005ல் சூசன் டி லா மான்டே என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, அல்சைமரை ‘மூன்றாம் வகை சர்க்கரை நோய்’ என்றே அழைக்கலாம் என்று எழுதியது. வாட்ஸ்அப்பில் இந்தப் பெயர் சுற்றுகிறது. மருத்துவ உலகம் அதை ஒரு நோயின் பெயராக ஏற்கவில்லை. பயமுறுத்த மட்டுமே பயன்படுகிற அந்தப் பெயரை நானும் பயன்படுத்துவதில்லை.

எவ்வளவு ஆபத்து?

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 1999ல் சொன்னது. 2013ல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 2,067 முதியவர்களைப் பற்றி வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. சர்க்கரை நோயே இல்லாதவர்களில்கூட, சராசரி சுகர் 100 உள்ளவரைவிட 115 உள்ளவருக்கு டிமென்ஷியா வாய்ப்பு 18 சதவீதம் அதிகமாக இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 160ஐவிட 190 உள்ளவருக்கு 40 சதவீதம் அதிகம். அதாவது வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டால்தான் நோய் என்று நாம் கிழிக்கும் கோட்டை மூளை பார்ப்பதில்லை.

சுகர் இருப்பவர் எல்லோருக்கும் மறதி நோய் வரும் என்று இதைப் படிக்கக் கூடாது. வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். எனக்கு அதிகம் கவலை தந்தது வேறொன்று. லண்டன் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021ல் வெளியானது. சர்க்கரை நோய் எவ்வளவு இளமையில் வருகிறதோ, பிற்காலத்தில் டிமென்ஷியா வாய்ப்பு அவ்வளவு அதிகம் என்று அது காட்டியது. 70 வயதில் புதிதாகச் சுகர் வந்தவரின் மூளைக்கும், 45 வயதிலிருந்து சுகரோடு வாழ்ந்த மூளைக்கும் உள்ள வித்தியாசம் இருபத்தைந்து வருட ஒட்டல். நம் மக்களுக்கு ஐரோப்பியர்களைவிட ஏறக்குறைய பத்து வருடம் முன்னதாகவே சுகர் வந்துவிடுகிறது. 2023ல் வெளியான இந்திய அளவிலான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. 38 வயதில் சுகர் வந்த தம்பி ‘இப்பத்தானே வந்திருக்கு, மெல்லப் பாத்துக்கலாம்’ என்று சொல்லும்போது இந்த ஆய்வுதான் என் நினைவுக்கு வரும்.

நாள்பட்ட சேதம் ஒரு பக்கம். அன்றன்றைக்கு நடப்பது இன்னொரு பக்கம். சுகர் 270ஐத் தாண்டும்போது பலருக்கு யோசிக்கும் வேகம் குறைகிறது, கவனம் சிதறுகிறது, எரிச்சலும் சோர்வும் வருகின்றன. சுகர் இறங்கினால் இது சரியாகிவிடும். கல்யாண விருந்து முடிந்த மதியம் அப்பா காரணமில்லாமல் சிடுசிடுப்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம்.

தாழ் சர்க்கரை என்ற மறு பக்கம்

காலண்டரைப் பார்த்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சாயங்காலம் பெரியம்மா மாத்திரை போட்டதை மறந்து இரண்டாவது தடவையும் போட்டுவிட்டார். அதில் கிளிமிபிரைடு என்ற மருந்து இருந்தது, அது சுகரை ரொம்பவும் இறக்கிவிடக் கூடியது. இரவு ஏழரை மணிக்கு வியர்த்து ஊற்ற, திண்ணையில் உட்கார்ந்து என் பெயரையே வேறு சொல்லிக் கூப்பிட்டார். மீட்டரில் 48. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 81, அப்புறம் இரண்டு இட்லி சாப்பிட வைத்தோம். எட்டரை மணிக்கு அவராகவே டிவி போட்டார்.

70க்குக் கீழே போனால் தாழ் சர்க்கரை. மூளை பட்டினி கிடக்கும் நேரம் அது. 2009ல் வடக்கு கலிபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளைப் பற்றி வந்த ஆய்வு, மருத்துவமனைக்குப் போகிற அளவுக்குச் சுகர் இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா வாய்ப்பு கூடுவதையும், எத்தனை முறை இறங்கியதோ அதற்கேற்ப அது ஏறுவதையும் காட்டியது. இது ஒரு சுழல். மறதியால் மாத்திரை தப்பும், மாத்திரை தப்பினால் சுகர் ஏறும் அல்லது இறங்கும், அது மறதியை இன்னும் வளர்க்கும்.

‘அப்படியானால் மருந்தைக் கூட்டி சுகரை அடியோடு இறக்கிவிடலாமே’ என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் மூன்று மாத சராசரியை 6க்குக் கீழே கொண்டுவரக் கடுமையாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நினைவாற்றல் சோதனைகளில் எந்த லாபமும் தெரியவில்லை. அந்தக் குழுவில் இறப்பு கூடியதால் 2008ல் அந்தக் கடுமையான சிகிச்சையையே நிறுத்தினார்கள். வயதானவர்களுக்கு, அதிலும் மறதி தொடங்கியவர்களுக்கு, இலக்கைச் சற்றுத் தளர்த்தி 8 வரை இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ‘பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 6.2, உங்களுக்கு ஏன் 7.8?’ என்று பெரியவர்களை நச்சரிக்காதீர்கள்.

சரிசெய்யக்கூடிய மறதியும் உண்டு

இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பெரியம்மாவின் டாக்டர் எடுக்கச் சொன்ன முதல் பரிசோதனை வைட்டமின் பி12. சர்க்கரைக்கு நம் ஊரில் பெரும்பாலோர் சாப்பிடும் மெட்ஃபார்மின் நல்ல மருந்து, ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடும்போது குடல் பி12ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குக் கையிருப்பே குறைவு. பி12 குறைந்தால் மறதி, கால் மரத்துப்போதல், சோர்வு எல்லாம் வரும். இவை எல்லாமே ‘சுகரால் வந்தது’ என்று தோன்றும். பெரியம்மாவுக்கு மிகக் குறைவாக இருந்தது. ஊசி போட்டு, நான்கைந்து மாதத்தில் பேச்சில் பழைய சுறுசுறுப்பு ஓரளவு வந்தது. எல்லாம் திரும்பவில்லை. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், போதும்.

தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சடைத்துக் கெடும் தூக்கம், காது மந்தம், தூக்க மாத்திரை இவையும் மறதி போலத் தெரியும். பிரஷர் கட்டுக்குள் இல்லாவிட்டால் சுகர் செய்யும் சேதம் இன்னும் கூடும், அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டுவதையும் விடாதீர்கள். விழித்திரை உண்மையில் மூளையிலிருந்து வளர்ந்த பகுதி. அங்கே நுண்குழாய் கெட்டிருந்தால் மூளையிலும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் கத்தியில்லாமல் வெறும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிடலாம்.

நடைக்கு நான் பெரிய கட்சி. 2011ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடக்க வைத்தார்கள், மறு பாதிக்குக் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருடம் கழித்து நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்குச் சிறுத்திருந்தது. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகர் கணிசமாகக் குறையும், ஏனென்றால் வேலை செய்யும் தசை இன்சுலின் இல்லாமலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். தட்டில் சாதத்தைக் குறைத்துப் பொரியலையும் பருப்பையும் கூட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மருந்துக் கடையில் ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று தனித்தனி அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் நிரப்பி வைத்தால், மாத்திரை போட்டோமா என்ற கேள்விக்கு அறையைத் திறந்து பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். டப்பா வந்ததிலிருந்து இன்றுவரை பெரியம்மா இரண்டாவது முறை போட்டதில்லை.

திடீரென்று ஒரு நாளில் குழப்பம் வந்தால், பேச்சு குழறினால், முகம் ஒரு பக்கம் தொங்கினால், அது இந்தக் கட்டுரையில் சொல்கிற மெதுவான மறதி இல்லை. சுகரைக் குத்திப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மெதுவாக வருவதற்கு அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வாய் திறந்து கேட்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வருடம் ஒருமுறை நினைவாற்றல் சோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். பத்து நிமிட வேலை, சில வார்த்தைகளைச் சொல்லித் திரும்பக் கேட்பார்கள், ஒரு கடிகாரம் வரையச் சொல்வார்கள். ‘கொஞ்சம் மறதி இருக்கு சார்’ என்று மட்டும் சொன்னால் நெரிசலில் அது காதில் விழாது. என்ன மறந்தார், எந்தத் தேதியில், அன்று சுகர் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நான் அந்த 212ம் 236ம் இருந்த காலண்டர் தாளையே மேசையில் வைத்தேன். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, பெரியம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.